அனலாக்கா, ஐபியா? கேமரா வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்

கேமராக் கடையில் கால் வைத்ததும் வரும் முதல் கேள்வி, "அனலாக் பார்க்கலாமா, ஐபி பார்க்கலாமா?" புதிதாக வாங்க வருகிற பலருக்கு அந்தக் கேள்வியே பிடிபடாது. "எது விலை கம்மி?" என்று திருப்பிக் கேட்பார்கள். நான்கு கேமரா, ஒரு பதிவுப் பெட்டி, ஒரு ஹார்ட் டிஸ்க் என்று வாங்கிவந்து மாட்டியும் விடுவார்கள். பதினாறு வருடமாகத் திருநெல்வேலிப் பக்கம் வீடு வீடாகப் போய்க் கேமரா மாட்டுகிறவன் நான். அந்தக் கேள்விக்கான பதில் உங்கள் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. கேமரா ஐந்தாறு வருடத்தில் பழசாகும். கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். சுவருக்குள் புதைத்த ஒயரை அப்படி மாற்ற முடியாது. ஆகவே ஒயரிலிருந்து தொடங்கி யோசிப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்.

ஊரில் எல்லோரும் 'டிஜிட்டல் கேமரா' என்று சொல்வது ஐபி கேமராவை. ஆனால் அனலாக் கேமராவோடு வருகிற பெட்டிக்குப் பெயர் டிவிஆர். அந்த 'டி'யும் டிஜிட்டல்தான். இரண்டிலும் கடைசியில் ஹார்ட் டிஸ்கில் போய் உட்காருவது எண்களாக மாறிய படமே. அது எந்த இடத்தில் எண்ணாக மாறுகிறது என்பதில்தான் வித்தியாசம். அனலாக் கேமரா படத்தை மின் சமிக்ஞையாகவே கோஆக்சியல் கேபிளில் (கேபிள் டிவிக்கு வருகிற ஒயர் போன்றது) அனுப்பும். டிவிஆர் அதை வாங்கி, எண்ணாக்கி, சுருக்கிச் சேமிக்கும். ஐபி கேமரா இந்த வேலை முழுவதையும் தனக்குள்ளேயே முடித்து, லேன் கேபிளில் (கம்ப்யூட்டரையும் ரூட்டரையும் இணைக்கும் ஒயர்) அனுப்பும். என்விஆர் என்ற பெட்டி அதை வாங்கி அடுக்கி வைத்தால் போதும். அதாவது ஒவ்வொரு ஐபி கேமராவும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். விலை கூடுவதும், தனித்தனியாகப் பாஸ்வேர்டு கேட்பதும், அவ்வப்போது அப்டேட் கேட்பதும் அதனால்தான்.

'அனலாக் என்றால் மங்கல்' என்பது பழைய கணக்கு. பழைய அனலாக் கேமராவின் படத்தை டிவிஆர் 720க்கு 576 புள்ளிகளாகத்தான் பதியும். அரை மெகாபிக்சல்கூட வராது (ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளி). 2012-ல் டாஹுவா நிறுவனம் எச்டிசிவிஐ என்ற முறையைக் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து எச்டிடிவிஐ, ஏஎச்டி என்று வேறு முறைகளும் வந்தன. எல்லாமே அதே கோஆக்சியல் கேபிளில் 2, 5, 8 மெகாபிக்சல் படத்தைக் கொண்டுபோகிறவை. இன்று கடையில் அனலாக் என்று எடுத்து வைப்பது பெரும்பாலும் இந்த எச்டி வகைதான். பகல் வெளிச்சத்தில் 2 மெகாபிக்சல் அனலாக்கையும் 2 மெகாபிக்சல் ஐபியையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் எனக்கே சட்டென்று பிரித்துச் சொல்ல வராது. ஆகவே 'படம் தெளிவாக இருக்கும்' என்ற ஒரே காரணத்துக்காக ஐபிக்குப் போகாதீர்கள்.

முதல் படி: ஒரு தாளில் வீட்டை வரைந்து, யார் முகம் வேண்டும் என்று எழுதுங்கள்

கட்டம் போட்டு வரைந்தால் போதும். காம்பவுண்டு கேட், வாசல், பக்கச் சந்து, கொல்லை, மொட்டை மாடிப் படி, வண்டி நிற்கும் இடம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டில் ஒன்றை எழுதுங்கள்: 'முகம்' அல்லது 'நடமாட்டம்'. வாசலுக்கும் கேட்டுக்கும் முகம் வேண்டும். கொல்லைக்கும் மாடிக்கும் யாரோ வந்தார்கள் என்று தெரிந்தாலே போதும். இந்த ஒரு தாள் இல்லாமல் கடைக்குப் போகவே வேண்டாம் என்பேன்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஒரு வீட்டில் பார்த்தது இன்னும் மனதை அறுக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில், வயதான இருவர் மட்டும் வீட்டில். நான்கு கேமராவும் நல்ல கேமராதான், நான்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ராத்திரி ஒருவன் சுவரேறிக் குதித்து, வாசல் வழியாக நடந்து, பின்பக்கம் போய், பித்தளைச் சாமான்களையும் அந்த அம்மாவின் கைப்பையையும் எடுத்துக்கொண்டு திரும்பியது முழுவதும் பதிவாகியிருந்தது. முகம் மட்டும் ஒன்றிலும் இல்லை. நான்கையும் பதினைந்தடி உயரத்தில், சன்ஷேடுக்கு மேலே மாட்டியிருந்தார்கள். தெரிந்ததெல்லாம் தலைமுடியும் தோளும்தான். "இத்தனை கேமரா இருந்தும் யாருன்னு தெரியலையே தம்பி" என்று அந்த ஐயா கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

வீட்டுக் கேமரா என்ற எண்ணம் பிறந்ததே முகத்துக்காகத்தான். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் ஒரு செவிலி. வேளை கெட்ட வேளையில் தனியாக வீட்டில் இருக்க நேர்ந்தவர். கதவைத் தட்டுவது யார் என்று திறக்காமலே பார்க்க வேண்டும் என்று, கணவர் ஆல்பர்ட்டோடு சேர்ந்து கதவுத் துளை வழியே பார்க்கும் கேமராவும் உள்ளறையில் ஒரு திரையும் கொண்ட அமைப்பை உருவாக்கி, 1966-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969-ல் கிடைத்தது. அவர் கேட்ட கேள்வியைத்தான் நீங்களும் தாளில் எழுதப்போகிறீர்கள்.

முகம் எவ்வளவு தூரம்வரை தெரியும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரத்தின்படி, முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் வேண்டும். பழகிய ஆள்தானா என்று தெரிய 125 போதும். ஆள் நடமாட்டம் தெரிய 25 போதும். 2 மெகாபிக்சல் கேமராவில் குறுக்காக 1920 புள்ளிகள். 250-ஆல் வகுத்தால் 7.68 மீட்டர். அதாவது காட்சியின் அகலம் ஏழரை மீட்டரைத் தாண்டாத தூரம்வரைதான் முகம் உறுதி.

அந்தத் தூரத்தைத் தீர்மானிப்பது லென்ஸ். கேமரா வரும் அட்டைப்பெட்டியில் 2.8 எம்எம், 3.6 எம்எம், 6 எம்எம் என்று போட்டிருப்பார்கள். 2.8 விரிந்து பார்க்கும். சுமார் நூறு டிகிரி. முற்றம் முழுவதும் ஒரே படத்தில் விழும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 2 மெகாபிக்சலில் முகம் பத்தடிவரைதான். 3.6 என்றால் பதினாலடி. 6 என்றால் இருபத்தைந்தடி, ஆனால் பார்வை குறுகலாகிவிடும். வாசலுக்கு மேலே மாட்டிய 2.8 எம்எம் கேமரா, முப்பதடி தள்ளியிருக்கும் கேட்டில் நிற்பவரின் முகத்தைக் காட்டாது. அனலாக்கானாலும் ஐபியானாலும் இதே கதைதான். கேட்டுக்கு முகம் வேண்டுமென்றால் கேட் பக்கமே ஒரு கேமரா வையுங்கள், அல்லது 6 எம்எம் கேளுங்கள், அல்லது மெகாபிக்சலைக் கூட்டுங்கள். உயரம் எட்டிலிருந்து ஒன்பது அடி. அதற்கு மேலே போகப் போக முகம் போய்த் தலைதான் மிஞ்சும்.

கிழக்கு பார்த்த வாசல் என்றால் இன்னொன்று. வீட்டுக்குள்ளிருந்து வாசலைப் பார்க்கும்படி மாட்டிய கேமராவில், காலை வெயில் பின்னாலிருந்து அடித்து, வருகிறவர் முகம் கறுத்துப்போகும். அந்த ஓர் இடத்துக்கு மட்டும் 'ட்ரூ டபிள்யூடிஆர், 120 டிபி' என்று போட்டிருக்கும் கேமரா கேளுங்கள்; பளிச்சென்ற வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே படத்தில் சமாளிப்பது அது. 'டிடபிள்யூடிஆர்' என்பது வேறு, அது மென்பொருளில் செய்யும் ஒப்பேற்றல்; வெயிலுக்கு முன் நிற்காது.

அனலாக் பக்கம் போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. விலை குறைந்த டிவிஆர் சிலவற்றின் விவரத்தாளில் '1080என்' அல்லது '1080 லைட்' என்று இருக்கும். கேமரா 1920 புள்ளி அனுப்பினாலும், இந்தப் பெட்டி குறுக்கே ஏறக்குறைய பாதிப் புள்ளிகளை மட்டும் பதிந்து, திரையில் இழுத்துக் காட்டும். பத்தடி என்று நம்பியது ஐந்தடியாகச் சுருங்கிவிடும். '5எம்-என்' என்பதும் அதே வகைச் சுருக்கல். கேமராப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிற்காமல், டிவிஆர் எத்தனை புள்ளியில் பதிகிறது என்றும் கேளுங்கள். 'அனலாக் மங்கல்' என்ற கெட்ட பெயரில் பெரும்பங்கு இந்தப் பெட்டிகளால் வந்தது என்பது என் அனுபவம்.

இரண்டாவது படி: சுவரில் என்ன ஒயர் இருக்கிறது?

இங்கேதான் அனலாக்கா ஐபியா என்பது உண்மையில் முடிவாகிறது.

ஏற்கெனவே கேமரா இருந்த வீடு, சுவரில் கோஆக்சியல் அல்லது '3+1' கேபிள் ஓடுகிறது என்றால், அதைப் பிடுங்க வேண்டாம். 3+1 என்பது ஒரு கோஆக்சியலும் மூன்று மெல்லிய ஒயரும் ஒரே உறைக்குள் வருவது. படம், கரண்டு, வேண்டுமானால் ஒலி, எல்லாம் ஒரே இழுப்பில் போகும். கேபிள் நன்றாக இருந்தால், பழைய மங்கல் கேமராவையும் பெட்டியையும் எடுத்துவிட்டு எச்டி அனலாக் மாட்டுங்கள். ஒரு நாள் வேலை. சுவரை உடைக்க வேண்டாம், சுண்ணாம்பு அடிக்க வேண்டாம். இந்த வீடுகளில் ஐபிக்கு மாறச் சொல்லி வற்புறுத்துபவர்கள் வீட்டுக்காரர் பணத்தை வீணாக்குகிறார்கள் என்றே நினைக்கிறேன்.

புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், பூச்சு வேலை இன்னும் முடியவில்லை என்றால், இன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு கேமராப் புள்ளிக்கும் தனியாக ஒரு லேன் கேபிள் பெட்டி வைக்கும் இடம்வரை போகட்டும். வகை 'கேட்6' (Cat6). கரண்டு ஒயர் போகும் பைப்பிலேயே சொருகிவிடக் கூடாது, தனிப் பைப். லேன் கேபிள் ஏன் என்றால், அது ஐபி, அனலாக் இரண்டுக்கும் உதவும். ஐபி கேமராவுக்குப் படமும் மின்சாரமும் அந்த ஒரே கேபிளில் போய்விடும். கையில் காசு குறைவு, இப்போதைக்கு அனலாக்தான் என்றாலும் கவலையில்லை: இரண்டு முனையிலும் 'பலுன்' என்ற விரலளவு இணைப்பியைப் போட்டால் அதே லேன் கேபிளில் எச்டி அனலாக் படமும் வரும். பின்னால் ஐபிக்கு மாறும்போது சுவரைத் தொட வேண்டியதில்லை. கோஆக்சியல் புதைத்துவிட்டால் இந்தச் சௌகரியம் இல்லை. கோஆக்சியலில் ஐபி ஓட்டவும் கருவி இருக்கிறது என்றாலும், ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கட்டுப்படியாகாது.

கேபிள் வாங்கும்போது செம்புதானா என்று பாருங்கள். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு முலாம் பூசி, 'கேட்6' என்று அச்சடித்து, பாதி விலைக்கு வருகிற கேபிள் சந்தையில் நிறைய. பிளேடால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கேபிளிலேயே மின்சாரமும் போகும் அமைப்பில் இது சூடாகும், தூரத்தில் இருக்கும் கேமரா விட்டுவிட்டு அணையும். மின்னணுச் சாமான்களுக்குப் பேர்போன சென்னை ரிச்சி தெருவிலிருந்து எங்கள் ஊர்க் கடைவரை இரண்டு வகையும் கிடைக்கும். "ஃபுல் காப்பர்" என்று வாயால் சொல்வதை நம்பாமல் பில்லில் எழுதி வாங்குங்கள். புதைக்கிற பொருளில் மிச்சம் பிடிக்காதீர்கள். மிச்சம் பிடித்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கேமராவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தூரக் கணக்கும் இங்கே வரும். லேன் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். அதற்கு மேல் நடுவில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச் (லேன் கேபிள்களை இணைக்கும் பெட்டி) வேண்டும். நல்ல செம்புக் கோஆக்சியலில் 1080பி, அதாவது 2 மெகாபிக்சல், அனலாக் படம் 300 மீட்டர் போகும். ஆனால் படம் போனாலும் கரண்டு போகாது. 12 வோல்ட் மின்சாரம் மெல்லிய ஒயரில் ஐம்பது அறுபது மீட்டர் தாண்டினாலே இளைத்துவிடும். 'பகலெல்லாம் நன்றாக ஓடுகிறது, ராத்திரி ஆனால் அணைந்து அணைந்து எரிகிறது' என்று அழைப்பு வந்தால், நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இருட்டியதும் கேமராவின் ஐஆர் விளக்குகள் (இருட்டில் படம் பிடிக்க உதவும், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்) எரியத் தொடங்கும், கரண்டு கூடுதலாக இழுக்கும், ஒயரின் முனையில் வோல்ட் விழும், கேமரா மயங்கி விழும். ஐபியில், லேன் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் பிஓஇ சுவிட்ச் 48 வோல்ட் அளவில் அனுப்புவதால் இந்தத் தொல்லை குறைவு. இது ஐபியின் உண்மையான பலம்; விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை.

வீடு ஓரிடம், மாட்டுக் கொட்டகையோ மோட்டார் ரூமோ நூறடி தள்ளி ஓரிடம் என்றால், இரண்டுக்கும் நடுவே செம்புக் கேபிள் இழுப்பதை நான் தவிர்க்கிறேன். கோடை மழையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி இறங்கும்போது, வெட்டவெளியில் கிடக்கும் செம்புக் கேபிள் அந்த அதிர்ச்சியை நேரே பெட்டிக்குள் கொண்டுவந்து இறக்கும். ஒரு மின்னலில் டிவிஆர், டிவி, ரூட்டர் மூன்றும் போன வீடுகள் உண்டு. அந்த இடைவெளிக்கு மட்டும், ஒளியாகப் படத்தைக் கொண்டுபோகும் ஃபைபர் கேபிள் போட்டு, இரு முனையிலும் அதை லேன் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வர்ட்டர் வைத்தால், மின்சாரம் கடக்க வழியே இல்லை. அங்கே ஐபி கேமராதான் பொருந்தும்.

வாடகை வீடு, ஆணி அடிக்கவே வீட்டுக்காரர் முகம் சுளிப்பார் என்றால், வைஃபை கேமரா ஒன்றோ இரண்டோ போதும். அதுவும் ஐபி வகைதான், ஒயர் மட்டும் இல்லை. பதிவு கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டில். 'ஹை எண்டூரன்ஸ்' என்று போட்ட கார்டு வாங்குங்கள், சாதாரணக் கார்டு இடைவிடாத பதிவைத் தாங்காமல் சீக்கிரம் செத்துப்போகும். கேமராவைத் திருடன் பிடுங்கிக்கொண்டு போனால் பதிவும் அவனோடு போய்விடும் என்பதால், கைக்கெட்டும் உயரத்தில் வெளியே மாட்ட வேண்டாம். ரூட்டருக்கும் கேமராவுக்கும் நடுவே இரண்டு கான்கிரீட் சுவர் இருந்தால் படம் திக்கும். சொந்த வீட்டுக்கு இதை நிரந்தர ஏற்பாடாக நான் சொல்ல மாட்டேன்.

கட்டி முடித்த வீடு, ஒயர் எதுவுமே இல்லை, வெளியே பைப் அடித்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்பவர்களுக்குத்தான் இரண்டும் சம அளவில் திறந்திருக்கிறது. நான்கு கேமராவுக்குள், தூரம் குறைவு, செலவைப் பார்க்க வேண்டும் என்றால் எச்டி அனலாக். எட்டுக்கு மேல் வரும், மாடி கட்டும் எண்ணம் இருக்கிறது, கேட்டில் முகம் கட்டாயம் வேண்டும் என்றால் ஐபி. நடுவில் ஊசலாடுகிறவர்கள் எக்ஸ்விஆர் என்ற கலப்புப் பெட்டி வாங்கலாம். அனலாக்கையும் சில ஐபி கேமராக்களையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ளும். கேட்டுக்கு மட்டும் ஐபி, மற்ற மூன்றும் அனலாக் என்று நான் பல வீடுகளில் செய்திருக்கிறேன், யாரும் குறை சொன்னதில்லை.

மூன்றாவது படி: எத்தனை நாள் பதிவு வேண்டும்?

ஊருக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்து வருகிறீர்கள், வந்துதான் திருட்டுத் தெரிகிறது என்றால், அப்போதும் பதிவு இருக்க வேண்டும். கணக்கு எளிது: ஒரு எம்பிபிஎஸ் (நொடிக்கு ஒரு மெகாபிட், Mbps) வேகத்தில் ஓடும் படம் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி பிடிக்கும். எச்.265 முறையில் சுருக்கிய 2 மெகாபிக்சல் படத்தை 2 எம்பிபிஎஸ்ஸில் வைத்தால் ஒரு கேமராவுக்கு நாளைக்கு 21.6 ஜிபி, நான்குக்கு 86.4. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் பதினோரு நாள் தாங்கும். இரண்டு டெராபைட் இருபத்து மூன்று நாள். 4 மெகாபிக்சலுக்குப் போய் வேகத்தை இரட்டிப்பாக்கினால் நாட்கள் பாதியாகும். மெகாபிக்சலைக் கூட்டச் சொல்கிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்ல மறந்துவிடுவார்கள். கம்ப்யூட்டருக்கான சாதாரண டிஸ்க் வேண்டாம். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போல இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருப்பதற்கென்று செய்தவற்றைக் கேளுங்கள்.

பெட்டியை ஹாலில் டிவிக்குக் கீழே வைக்காதீர்கள். உள்ளே நுழைகிறவன் முதலில் பிடுங்குவது அதைத்தான். காற்றோட்டமுள்ள ஒரு பீரோ மேலோ, பூட்டுகிற அறையிலோ வையுங்கள். பெட்டி, எஸ்எம்பிஎஸ் (அனலாக் கேமராக்களுக்குக் கரண்டு கொடுப்பது) அல்லது பிஓஇ சுவிட்ச், ரூட்டர் மூன்றையும் இன்வர்ட்டர் லைனில் சேர்க்கச் சொல்லுங்கள். பிஓஇ என்றால் சுவிட்ச் ஒன்றுக்கு இன்வர்ட்டர் கொடுத்தாலே எல்லாக் கேமராவும் உயிரோடிருக்கும். அனலாக்கில் எல்லாக் கேமராவுக்கும் பெட்டிப் பக்கத்திலிருந்தே ஒரே எஸ்எம்பிஎஸ் கொடுத்தால் அதே பலன். வெளியே அங்கங்கே அடாப்டர் சொருகி வைத்தால், கரண்டு போனதும் அந்தக் கேமரா கண்ணை மூடிவிடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், அடிக்கடி கேட்கிறார்கள்: இண்டர்நெட் இல்லாவிட்டாலும் பதிவு ஆகும். செல்போனில் வெளியூரிலிருந்து பார்க்கத்தான் இண்டர்நெட் வேண்டும்.

நான்காவது படி: சாவி யார் கையில்?

செல்போனில் பார்க்கும் வசதி அனலாக்குக்கும் உண்டு, ஐபிக்கும் உண்டு. அதனால் ஆபத்தும் இரண்டுக்கும் உண்டு. 'அனலாக் என்றால் யாரும் ஹேக் செய்ய முடியாது' என்று நம்புகிறவர்கள் 2016-ல் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'மிராய்' என்ற தீநிரல், தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த ஐபி கேமராக்களையும் டிவிஆர்களையும் தேடித் தேடிப் பிடித்துப் படை சேர்த்தது. அக்டோபர் 21 அன்று இணையதளங்களின் முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் அமெரிக்காவின் டைன் நிறுவனத்தை அந்தப் படை தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே தடுமாறின. அந்தப் படையில் இருந்தவற்றில் யாரோ ஒருவர் வீட்டு டிவிஆரும் இருந்தது, வீட்டுக்காரருக்குத் தெரியாமலே.

ஆகவே மாட்டி முடித்த அன்றே பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள். மாட்ட வந்தவர் முன்னால்கூடத் தட்டச்சு செய்ய வேண்டாம்; என் முன்னால் செய்கிறவர்களிடம் நானே திரும்பி நின்றுகொள்கிறேன் என்பேன். அதைவிட முக்கியமானது இது: செல்போன் செயலியில் பெட்டியின் முதன்மை உரிமையாளராக யார் கணக்கு இருக்கிறது? வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சிலர் தங்கள் கணக்கில் பெட்டியைச் சேர்த்துவிட்டு, உங்களுக்கு அதிலிருந்து 'ஷேர்' செய்து கொடுப்பார்கள். அப்படியென்றால் உங்கள் வீட்டு வாசலும் உள் ஹாலும் அவர் போனில் என்றைக்கும் தெரியும். உங்கள் மின்னஞ்சலில், உங்கள் எண்ணுக்கு ஓடிபி வந்து, உங்கள் கணக்கில் முதலில் சேர வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதிலிருந்து நீங்கள் பகிருங்கள். ரூட்டரில் 'போர்ட் ஃபார்வர்டு' (வெளி இண்டர்நெட்டிலிருந்து பெட்டிக்கு நேர்வழி திறப்பது) போடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்றைய பெட்டிகளுக்கு அது தேவையில்லை.

படுக்கையறையில் கேமரா வேண்டாம். பக்கத்து வீட்டு ஜன்னலோ கிணற்றடியோ படத்தில் விழுந்தால் அந்த இடத்தை மறைக்க மெனுவில் 'பிரைவசி மாஸ்க்' உண்டு. பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு, மறைத்திருப்பதைத் திரையில் ஒருமுறை காட்டிவிடுங்கள். நான் வேலைக்குப் போகும் தெருக்களில் பெரிய சண்டைகளைத் தவிர்த்தது இந்த ஐந்து நிமிடம்தான்.

ஐந்தாவது படி: கடையில் கேட்க வேண்டியவை

இப்போது தாளோடு கடைக்குப் போகலாம். இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்கள் மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனை விதிகளுக்கு உட்பட வேண்டும் என்பது 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. மத்திய அரசின் சோதனை அமைப்பான எஸ்டிக்யூசியின் (STQC) சான்று பெற்ற மாடல்தானா என்று கேளுங்கள், பில்லில் மாடல் எண்ணை முழுதாக எழுதச் சொல்லுங்கள். பழைய இருப்பைத் தள்ளிவிடும் விலைகுறைப்பில் மயங்க வேண்டாம். ஐபி வாங்கினால் கேமராவும் என்விஆரும் 'ஆன்விஃப்' பேசுமா என்று பாருங்கள். 2008-ல் ஆக்சிஸ், போஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கிய பொதுமொழி அது. நாளைக்கு ஒரு கேமரா பழுதாகி, அதே கம்பெனி கிடைக்காவிட்டாலும் வேறொன்றைச் சேர்க்கலாம்.

விலைப்பட்டியலில் கேபிள் மீட்டர் கணக்கு, எஸ்எம்பிஎஸ் அல்லது சுவிட்ச், கனெக்டர், ஜங்ஷன் பாக்ஸ், கூலி எல்லாம் தனித்தனியாக வர வேண்டும். 'நாலு கேமரா செட், மொத்தம் இவ்வளவு' என்று ஒரே வரியில் வருகிற பட்டியலில்தான் அலுமினியக் கேபிளும் சாதாரண டிஸ்கும் ஒளிந்திருக்கும். வெளியில் மாட்டுவதற்கு ஐபி67 என்ற மழைத் தாங்கு அளவு இருக்கட்டும் (இந்த ஐபி வேறு, கேமரா வகையான ஐபி வேறு). கனெக்டர்களை ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்து மூடச் சொல்லுங்கள். எறும்பும் பல்லியும் புகுந்து கெடுத்த கனெக்டர்களை நான் கைப்பிடி கணக்கில் எடுத்திருக்கிறேன்.

கடைசிப் படி: பணம் கொடுக்கும் முன் ஒரு ராத்திரி

பகலில் மாட்டி, பகலில் பார்த்து, பகலிலேயே பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு ராத்திரி பொறுங்கள். வெளி விளக்குகளை அணைத்துவிட்டு, வீட்டில் ஒருவரைக் கேட்டிலிருந்து வாசல்வரை நடந்து வரச் சொல்லுங்கள், பிறகு கொல்லையைச் சுற்றி வரச் சொல்லுங்கள். நேரலையில் பார்ப்பது போதாது. பதிவானதை ஓட்டிப் பாருங்கள். நிறுத்தி, முகத்தைப் பெரிதாக்குங்கள். தாளில் 'முகம்' என்று எழுதிய இடத்தில் முகம் வருகிறதா? பக்கத்துச் சுவரோ சன்ஷேடோ ஐஆர் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துப் படம் வெளுத்துப்போனால், கேமராவை ஓர் அங்குலம் திருப்பினாலே சரியாகிவிடும். மாட்டியவர் ஏணியோடு இருக்கும்போதே சொல்லிவிட்டால் அவருக்கும் சிரமமில்லை.

அதே ராத்திரி, அப்படி நடந்து வந்த பதிவை ஒரு பென் டிரைவில் எடுத்துப் பழகுங்கள். ஏதாவது நடந்த பிறகு, பதற்றத்தில், மெனுவைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. நீதிமன்றம்வரை போகும் காரியம் என்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. ஆகவே காவல்துறையினர் வரும்வரை டிஸ்கில் உள்ள மூலப் பதிவை அழிக்காமல், பெட்டியைத் திறக்காமல் வைத்திருங்கள். பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படும் நாள் நெருங்கினால் பெட்டியின் கரண்டை நிறுத்திவிடுங்கள்.

திரையின் மூலையில் ஓடும் தேதியையும் நேரத்தையும் உங்கள் செல்போனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளிருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோன பெட்டி, கரண்டு போய் வந்ததும் தேதியை எங்கோ பழைய வருடத்துக்குக் கொண்டுபோய்விடும். அப்புறம் திருட்டு நடந்த ராத்திரியைத் தேடினால் அந்தத் தேதியில் ஒன்றும் இருக்காது. மாதம் பிறந்ததும் தேதி சரியா என்று பார்த்துவிட்டு, ஒரு நீளத் துடைப்பத்தால் கேமராக்களின் மேல் கட்டிய சிலந்தி வலையைத் தட்டிவிடுங்கள். ராத்திரி ஐஆர் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், அதன் வலை லென்ஸுக்கு முன்னால் வெள்ளைத் திரையாகத் தொங்கும்.